அம்மாவுக்கு ஒரு பிறந்த நாள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவார்கள். நானும் முப்பது வருடம் அதைத்தான் பேசினேன். இன்றைக்கு வேறு ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பிறந்த நாளைப் பற்றி. "வாத்தியாருக்கு வயசாயிடுச்சு, கேக்கு ஆசை வந்துடுச்சு" என்று நினைத்து விடாதீர்கள். கடைசிவரை கேளுங்கள், கல்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் மாணவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பிறந்த நாள் உங்களுக்குத் தெரியுமா? எல்லாரும் கையைத் தூக்குகிறீர்கள். சந்தோஷம். உங்கள் பாட்டியின் பிறந்த நாள் எத்தனை பேருக்குத் தெரியும்? பார்த்தீர்களா, பாதிக் கைகள் இறங்கிவிட்டன. பாட்டிக்கே அவர் பிறந்த நாள் தெரியுமா என்று கேட்டால் மீதிக் கைகளும் இறங்கிவிடும்.

என் தாயாருக்கும் தெரியாது.

ஆவணி மாசம், மழை நாள்

நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என் தாயார். அவருடைய தகப்பனார், அதாவது என் தாத்தா, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் பிள்ளைகள் பிறந்த தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாராம். அந்த நோட்டை எப்போதும் மடியிலேயே வைத்திருப்பாராம்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கினான். அடுத்த வருடம் சயாமுக்கும் பர்மாவுக்கும் ரயில் பாதை போடும் வேலை தொடங்கியது. 415 கிலோ மீட்டர் பாதை. காடு, மலை, காலரா. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அந்த வேலைக்கு ஏற்றிக் கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பெருந்தொகையானவர்கள் வீடு திரும்பவில்லை. சயாம் மரண ரயில் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லுவது அதைத்தான்.

என் தாத்தாவும் போனார். மடியில் அந்த நோட்டும் போனது. இரண்டும் திரும்பி வரவில்லை.

பிறப்புச் சீட்டு என்று ஒன்று இருந்திருக்கலாம். போர்க்காலத்தில் லயம் மாறி லயம் மாறி அலைந்ததில் அதுவும் போய்விட்டது. போர் முடிந்த பிறகு என் தாயார் ஒரே ஒரு வருடம் தோட்டப் பள்ளியில் உட்கார்ந்தார். தன் பெயரைத் தமிழில் எழுதப் படித்த அளவில் அது நின்றது. தம்பி தங்கைகளைப் பார்த்துக் கொள்ள வேண்டும். பாட்டி பால் வெட்டப் போக வேண்டும். வேறு என்ன செய்வது?

1948இல் நாட்டில் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்றார்கள். தோட்டத்துக்கே மேசை நாற்காலி போட்டு எழுத ஆள் வந்தார். "இந்தப் பிள்ளை எப்போது பிறந்தது?" என்று கேட்டார். பாட்டி சொன்ன பதில் இது: "ஆவணி மாசங்க. நல்ல மழை. அன்னிக்கு வெட்டு இல்லீங்க."

மழை பெய்தால் பால் வெட்ட முடியாது என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குக் கூலியும் கிடையாது. அதனால்தான் பாட்டிக்கு அந்த நாள் மறக்கவில்லை! ஆனால் எழுதுகிறவருக்கு ஆவணி எது, ஆடி எது என்று தெரியவில்லை. "வயசு?" என்றார். "பன்னெண்டு இருக்கும்" என்றார் பாட்டி. அவர் 1948இல் பன்னிரண்டைக் கழித்து 1936 என்று போட்டார். தேதிக்கு ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார். வேலை முடிந்தது.

அன்றிலிருந்து என் தாயாருக்கு ஜனவரி முதல் தேதி பிறந்த நாள். பிற்காலத்தில் மைகார்டு வந்தபோது, அதன் எண்ணிலேயே முதல் ஆறு இலக்கமாக அந்தத் தேதி ஏறி உட்கார்ந்து கொண்டது. அம்மா அதை "ஆபீசுப் பொறந்த நாள்" என்பார். "எம் பொறந்த நாள் எங்கப்பாவோட சயாமுக்குப் போயிடுச்சு" என்று சிரித்துக் கொண்டே சொல்லுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நாங்கள் ஐந்து பேரும் வளர்ந்தோம்.

இதை ஏன் சொல்கிறேன்? இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. இங்கே உட்கார்ந்திருக்கும் பல வீடுகளின் கதை. அந்தத் தலைமுறையில் ஜனவரி ஒன்றிலும் ஜூலை ஒன்றிலும் எத்தனை பேர் "பிறந்திருக்கிறார்கள்" என்று உங்கள் வீட்டுப் பழைய கார்டுகளை எடுத்துப் பாருங்கள்.

ஏன் ஓட்டலுக்குப் போனோம்?

2016ஆம் ஆண்டு. கார்டின்படி அம்மாவுக்கு எண்பது. நம் வழக்கத்தில் எண்பது என்பது பெரிய விஷயம். ஆயிரம் பிறை கண்டவர் என்போம். மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு முழு நிலவுக்கும் அடுத்த முழு நிலவுக்கும் இடையே சுமார் இருபத்தொன்பதரை நாள், ஆயிரம் நிலவு வர ஏறக்குறைய எண்பது ஆண்டும் பத்து மாதமும் ஆகும். தமிழ்நாட்டில் திருக்கடையூர் என்று ஓர் ஊர். மார்க்கண்டேயன் எமனை வென்ற தலம் என்பார்கள். அறுபதுக்கும், எழுபதுக்கும், எண்பதுக்கும் அங்கே போய்ச் சாந்தி செய்து கொள்வார்கள்.

ஆனால் அந்தச் சடங்கெல்லாம் கணவன் மனைவியாக உட்கார்ந்து செய்து கொள்வது. என் தகப்பனார் 1984இலேயே காலமாகிவிட்டார். அம்மாவுக்கு அறுபதாம் கலியாணமும் நடக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் அம்மா பின்வரிசை. தாலிக்கு ஆசீர்வாதம் வாங்கத் தட்டு வரும்போது மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். யாரும் போகச் சொன்னதில்லை. யாரும் இருக்கவும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. வாத்தியார், மேடையில் சீர்திருத்தம் பேசுகிறவன், சொன்னதில்லை. இதை உங்கள் முன்னால் ஒப்புக் கொள்கிறேன்.

என் தங்கை மகள்தான் சொன்னாள்: "மாமா, வீட்ல செஞ்சா பாட்டி அடுப்படியிலதான் நிப்பாங்க. வெளியில கூட்டிட்டுப் போவோம். அவங்க சமைக்க முடியாத எடத்துக்கு."

இப்படித்தான் ஜார்ஜ்டவுனில் பர்குவார் தெருவில் இருக்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஓட்டல் பேச்சில் வந்தது. ஈ அண்ட் ஓ என்றால் எல்லாருக்கும் தெரியும். அம்மாவிடம் சொன்னதும், "அது பெரிய தொரை போயி தங்குற எடம்டா! நமக்கு எதுக்கு?" என்றார். அம்மா வேலை செய்த தோட்டத்துத் துரை மாதம் ஒரு முறை பினாங்குக்குப் போவார், அங்கேதான் தங்குவார் என்று டிரைவர் சொல்லி அம்மாவுக்குத் தெரியும். "அதுக்காகத்தாம்மா போறோம்" என்றேன்.

எந்த நாளில் போவது? ஜனவரி ஒன்றை அம்மா ஒத்துக் கொள்ளவில்லை. "எங்கம்மா சொன்னது ஆவணி" என்றார். சரி என்று ஆவணி முதல் ஞாயிறு, ஆகஸ்டு 21ஆம் தேதி என்று முடிவு செய்தோம். எண்பது வருடத்தில் அம்மாவே தேர்ந்தெடுத்த பிறந்த நாள் அது.

பெரியில் போய் இறங்கினோம்

பினாங்குப் பாலம் 1985இல் திறந்தாகிவிட்டது. இரண்டாவது பாலமும் 2014இல் வந்துவிட்டது. ஆனாலும் அம்மா, "பெரியிலதான் வருவேன்" என்றார். அப்போது பட்டர்வர்த்திலிருந்து வாகனத்தையும் ஆளையும் சேர்த்து ஏற்றிக் கொண்டு போகும் பழைய பெரி ஓடிக் கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டு முடிவோடு அது நின்றது. சின்ன வயதில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனது, தீபாவளிக்குச் சேலை எடுக்க மார்க்கெட் தெருவுக்குப் போனது எல்லாம் அந்தப் பெரியில்தான். வழி நெடுக அம்மா கதை சொல்லிக் கொண்டே வந்தார்.

ஓட்டலைப் பற்றி மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கியது அது. சிங்கப்பூரின் ராபிள்ஸ், ரங்கூனின் ஸ்டிராண்ட் ஆகிய பெரிய ஓட்டல்களும் அவர்கள் கையில் உருவானவைதான். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களும், தோட்டத் துரைமார்களும், சோமர்செட் மாம் போன்ற எழுத்தாளர்களும் தங்கிய இடம். ரப்பர் விலை ஏறினால் அங்கே விருந்து ஏறும். உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை பாதாளத்தில் விழுந்த காலத்தில், 1931இல், சார்க்கீஸ் கம்பெனியும் நொடித்துப் போனது. அதே காலத்தில்தான் தோட்டங்களில் வேலையில்லாமல் நம் ஆட்களை ஆயிரமாயிரமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மரத்தில் பால் வெட்டியவனுக்கும் மாளிகையில் விருந்து வைத்தவருக்கும் ஒரே விலைதான் தலையெழுத்தை எழுதியது. பிறகு ஓட்டல் கைமாறி, 1996இல் மூடிப் புதுப்பித்து, 2001இல் மறுபடி திறந்தார்கள். 2008இல் ஜார்ஜ்டவுன் நகரம் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அதே பர்குவார் தெருவில் பினாங்கு பிரீ ஸ்கூலின் பழைய கட்டடம் இருக்கிறது. பிற்காலத்தில் அது மாநில அருங்காட்சியகம் ஆனது. பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816 அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கிய பள்ளி அது. அந்தப் பள்ளியோடு தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் இந்த நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016இல் நாடு முழுவதும் தமிழ்க் கல்விக்கு இருநூறாவது ஆண்டு விழா எடுத்தோம், நினைவிருக்கிறதா? வேனை அங்கே நிறுத்தச் சொல்லி அம்மாவுக்குக் காட்டினேன். "இந்தத் தெருவோட தொடர்புள்ள பள்ளிக்கூடத்துலதாம்மா தமிழ் வகுப்பு ஆரம்பிச்சது. இந்த வருஷம் இருநூறு வயசு."

அம்மா பார்த்தார். "அதுக்குப் பொறந்த நாளு தெரியுது பாரு. யாரோ எழுதி வச்சிருக்கான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக் கொண்டேன்.

விருந்து

ஓட்டலில் நாங்கள் இருபத்திரண்டு பேர். நடுநாற்காலியில் அம்மா. இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள். எழுந்து போக அடுப்படி இல்லை. கை துடைக்கும் துணியை எடுத்து நாலு தடவை மடித்தார், பிரித்தார். பரிமாற வந்த பையன் நம் தமிழ்ப் பையன். "என்ன வேணும் பாட்டி?" என்று தமிழில் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "சோறு இருக்காப்பா?" என்றார். "இருக்கு பாட்டி" என்று சொல்லிப் பருப்புக் கறியும் சோறும் கொண்டு வந்து வைத்தான். "எங்க பாட்டியும் கூலிம் பக்கம் தோட்டந்தான்" என்றான். அதற்கப்புறம் அந்த மேசை எங்கள் வீட்டு மேசை ஆகிவிட்டது.

கேக்கில் "80" என்று போட வேண்டாம் என்று அம்மா முன்னமே சொல்லிவிட்டார். "எண்பதோ, எழுபத்தொம்பதோ, யாரு கண்டா? தெரியாததை எழுதாதே. பேரை எழுது, அது நிச்சயம்." கேக்குச் செய்கிறவருக்குத் தமிழ் எழுத வராது. அதனால் கடைசிப் பேத்தி சர்க்கரைப் பாகு நிறைந்த கூம்பை வாங்கி, தன் கையால் பாட்டியின் பெயரைத் தமிழில் எழுதினாள். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் சாய்ந்துவிட்டது. அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு வருடம் தோட்டப் பள்ளியில் படித்தாரே, அந்தப் படிப்பு அன்றைக்குப் பயன்பட்டது.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் கடற்கரைப் பக்கம் வந்து நின்றோம். கப்பல்கள் வரும் கடல் அது. என் தாத்தாவும் பாட்டியும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். இறங்கிய உடனே ஊருக்குள் விடவில்லை. புலாவ் ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடுப்பு முகாமில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தீவு தெற்கே இருக்கிறது, ஓட்டலிலிருந்து தெரியாது. ஆனாலும் அம்மா அந்தத் திசையில் கையை நீட்டிப் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதை முழுவதையும் சொன்னார். கப்பல், தீவு, தோட்டம், நோட்டுப் புத்தகம், சயாம். நான் அவர் பிள்ளை. என்னிடமே அப்படிக் கோவையாகச் சொன்னதில்லை. யாரும் அதுவரை அவரை நடுவில் உட்கார வைத்துக் கேட்கவில்லை, அதுதான் காரணம். என் மகள் தன் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக் கொண்டாள்.

திரும்பி வரும்போது, "எவ்வளவுடா ஆச்சு?" என்றார். நான் சொல்லவில்லை. "எத்தனை நாள் வெட்டுக் கூலி, அதையாவது சொல்லு" என்றார். அம்மா பால் வெட்டிய காலத்தில் நாளுக்கு மூன்று வெள்ளி சில்லறை கிடைக்கும். நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அத்தனை நாள் மழை பெஞ்சதா நெனைச்சுக்குவோம்" என்றார்.

பெற்றோர்களுக்கு மூன்று வேண்டுகோள்

அன்பான பெற்றோர்களே, "வாத்தியார் எல்லாரையும் பெரிய ஓட்டலுக்குப் போகச் சொன்னார்" என்று நாளைக்குத் தோட்டத்தில் பேசிக் கொள்ளாதீர்கள்! கடன் வாங்கிப் பிறந்த நாள் கொண்டாடுவது பிறந்த பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் கடன். நாங்கள் ஐந்து பேர் ஆறு மாதம் சேர்த்து வைத்துச் செய்தது அது. லயத்து வாசலில் ஒரு பாயை விரித்து, ரவைக் கேசரி கிண்டி, பாட்டியை நடுவில் உட்கார வைத்தாலும் அதே பலன் உண்டு. நடுவில் உட்கார வைப்பதுதான் முக்கியம்.

நான் கேட்பது மூன்று.

முதலாவது, பிள்ளை பிறந்தால் உடனே பதியுங்கள். மேற்கு மலேசியாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு, சாட்சி, அலைச்சல். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட பத்திரத்துக்காகப் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுத தாய்மார்களை நான் ஆசிரியராக இருந்தபோது பார்த்திருக்கிறேன். 2011இல் இந்தியர்களின் பத்திரப் பிரச்சினைக்காக மைடஃப்தார் என்று ஒரு பதிவு இயக்கமே நடத்த வேண்டி வந்தது. பன்னிரண்டு வயதில் மைகார்டு எடுக்கவும் மறக்காதீர்கள். ஒரு காகிதம் இல்லாமல் பள்ளி, பரீட்சை, வேலை, ஆஸ்பத்திரி எல்லாமே சிக்கலாகிவிடும்.

இரண்டாவது, வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யார் எப்போது எங்கே பிறந்தார், எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று எழுதுங்கள். எழுதியதை ஒரே இடத்தில் வைக்காதீர்கள்; பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். என் தாத்தா செய்த ஒரே தவறு அதுதான். அதைத் தவறென்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை.

மூன்றாவது, வீட்டில் கணவனை இழந்த தாய்மார்கள் இருந்தால் நல்ல காரியத்தில் அவர்களை முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள். அவர்களாக வரமாட்டார்கள். நாம்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். நான் அதைச் செய்ய முப்பத்திரண்டு வருடம் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு நாள் தள்ளாதீர்கள்.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே, இந்த வார இறுதியில் உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம். தாத்தா பாட்டியின் அருகில் உட்கார்ந்து, "நீங்க எப்போ பொறந்தீங்க?" என்று கேளுங்கள். தேதி தெரியாது என்பார்கள். "என்ன மாசம்? மழையா, வெயிலா? தாத்தா எங்கே வேலை செஞ்சார்?" என்று கேளுங்கள். சொல்லுவதைத் தமிழில் எழுதுங்கள். இந்தப் பள்ளி உங்களுக்குக் கற்றுக் கொடுத்த எழுத்துக்கு அதைவிட நல்ல வேலை இருக்க முடியாது.

என் தாயார் 2019இல் காலமானார். இறப்புப் பத்திரத்தில் பிறந்த தேதி என்ற இடத்தில் 1.1.1936 என்றுதான் இருக்கிறது. அதை நான் மாற்ற முடியாது. ஆனால் கருமாதிக்கு நாங்கள் அச்சடித்த அட்டையில், தோற்றம் என்ற இடத்தில், தேதி போடவில்லை. "ஆவணி மாதம், மழை நாள்" என்று போட்டோம். அச்சகத்துக்காரர் இரண்டு தடவை போன் செய்து, "சார், இது சரிதானா?" என்று கேட்டார். "சரிதான், அப்படியே போடுங்க" என்றேன்.

இன்று பரிசு பெறும் உங்கள் ஒவ்வொருவரின் பெயரும் இந்த மலரில் அச்சாகும். பத்திரமாக வையுங்கள். ஒரு நாள் உங்கள் பேரப்பிள்ளை எடுத்துப் படிக்கும்.